சின்னப் பெட்டிக்குள் ஒரு பெரிய அடுப்பு

விளையாட்டுக் கணிப்பொறிக்குக் குளிர்ச்சியும் மின்சாரமும் – மாட்டுப்பட்டி சொல்லும் பாடங்கள்

பிழைப்பைத் தேடி ஊர்விட்டு ஊர் வந்த நம் குடும்பங்களில், பிள்ளைகள் கேட்கும் பொருள்களின் பட்டியல் காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே வருகிறது. முன்பு சைக்கிள் கேட்டார்கள். பிறகு டேப்ரிக்கார்டர், அதன்பின் செல்போன். இன்று பத்தாவதும் பன்னிரண்டாவதும் படிக்கும் பிள்ளைகள் கேட்பது ‘கேமிங் பி.சி.’ எனப்படும் விளையாட்டுக் கணிப்பொறி. அதிலும் மேசையின் கீழே காலை இடிக்கும் பழைய பெரிய பெட்டி அவர்களுக்குப் பிடிப்பதில்லை. பூட்ஸ் வாங்கினால் தருகிற அட்டைப்பெட்டியைவிடச் சற்றே பெரியதாக, பையில் வைத்து எடுத்துப் போகும்படியான சின்னப் பெட்டிதான் வேண்டுமாம்.

இந்த ஆசையில் நியாயம் இல்லாமல் இல்லை. மலைத்தோட்டத்து லயத்தில் ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும் உள்ள வீடானாலும் சரி, வளைகுடா நாட்டில் நாலுபேர் பங்குபோட்டுக்கொள்ளும் அறையானாலும் சரி, மும்பையில் ஒண்டுக்குடித்தனமானாலும் சரி, நம்மிடம் இல்லாத பொருள் இடம்தான். அடிக்கடி வீடு மாறுகிறவர்களுக்குச் சின்னப் பெட்டி வசதியானது.

ஆனால் வாங்கித் தரும் அப்பா அம்மாவும், வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் அண்ணனும் மாமாவும் கடைக்காரரிடம் கேட்க மறந்துவிடுகிற கேள்விகள் இரண்டு உண்டு. இந்தப் பெட்டிக்குள் மின்சாரம் எப்படிப் போகிறது? உள்ளே உண்டாகும் சூடு எப்படி வெளியே வருகிறது? பெட்டி எவ்வளவு சிறியதோ, இந்த இரண்டு கேள்விகளும் அவ்வளவு பெரியவை. விடை தெரியாமல் வாங்கினால் ஒரு மழைக்காலத்திலேயே மாதக்கணக்கில் சேர்த்த பணம் புகையாகிவிடும். இந்த இரண்டையும் புரிந்துகொள்ள, நம்மில் பலருக்குப் பழக்கமான மாட்டுப்பட்டியைவிட நல்ல பள்ளிக்கூடம் வேறு கிடைக்காது.

மாட்டுப்பட்டித் தண்ணீரும் ஒரு யூனிட்டும்

மூணாறிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர் தொலைவில், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 1700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது மாட்டுப்பட்டி. சுற்றுலா வருகிறவர்களுக்கு அது படகுச் சவாரி செய்யும் ஏரி. ஆனால் அந்த அணை படகுக்காகக் கட்டப்பட்டதன்று. கேரளத்தின் முதல் நீர்மின் நிலையமான பள்ளிவாசல், திருவாங்கூர் சமஸ்தானக் காலத்தில், 1940-ல் ஓடத் தொடங்கியது. கோடைக்காலத்திலும் அதற்குத் தண்ணீர் குறையாமல் இருக்க மேலே சேமித்து வைக்கவேண்டும் என்பதற்காகவே மாட்டுப்பட்டி அணை எழுப்பப்பட்டு, 1953-ல் கட்டி முடிக்கப்பட்டது. இங்கே தேங்கும் தண்ணீர் மூணாறுக்கு இறங்கி, அங்கிருந்து திருப்பப்பட்டுப் பள்ளிவாசலின் எந்திரங்களைச் சுழற்றுகிறது. அந்த நிலையத்தின் திறன் 37.5 மெகாவாட். பின்னர் 1998-ல் மாட்டுப்பட்டி அணையின் அடியிலேயே 2 மெகாவாட் திறனுள்ள ஒரு சிறு மின்நிலையமும் அமைக்கப்பட்டது.

இப்போது நம் பிள்ளையின் பெட்டிக்கு வருவோம். நடுத்தரமான ஒரு விளையாட்டுக் கணிப்பொறி, விளையாட்டு மும்முரமாக ஓடும் நேரத்தில் சுவரிலிருந்து சுமார் 400 வாட் இழுக்கிறது. மாட்டுப்பட்டிச் சிறு மின்நிலையம் முழு மூச்சாக ஓடினால், இப்படிப்பட்ட 5000 பெட்டிகளுக்குத்தான் சரியாக இருக்கும்.

இன்னொரு கணக்கும் போடலாம். 100 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீரால் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க, எந்திரத்தில் வீணாவதையும் சேர்த்து 4000 லிட்டருக்கு மேல் வேண்டும். 400 வாட் பெட்டியில் மூன்று மணி நேரம் விளையாடினால் 1.2 யூனிட். அதாவது ஏறக்குறைய 5000 லிட்டர் தண்ணீர் மலையிலிருந்து இறங்கியாக வேண்டும். வீட்டு மாடிகளில் வைக்கிற ஆயிரம் லிட்டர் கறுப்புத் தொட்டிகள் ஐந்து! ஒரு மாதத்துக்கு இது 36 யூனிட். மின்கட்டணம் படிப்படியாக உயரும் முறையில் வசூலிக்கப்படுவதால், இந்த 36 யூனிட் நம்மை அடுத்த படிக்குத் தூக்கிவிடுமா என்று பில்லை எடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

போன மின்சாரம் எங்கே?

மின்விசிறிக்குப் போன மின்சாரம் காற்றாகிறது, விளக்குக்குப் போனது வெளிச்சமாகிறது. கணிப்பொறிக்குப் போன 400 வாட் என்ன ஆகிறது? விளையாட்டாகவும் படமாகவும் ஆகிறது என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். உண்மையில் அது முழுவதும் வெப்பமாகவே வெளியே வருகிறது. எவ்வளவு கணக்குப் போட்டாலும், எவ்வளவு அழகான காட்சியைக் காட்டினாலும், உள்ளே போன ஒவ்வொரு வாட்டும் கடைசியில் சூடுதான். 400 வாட் கணிப்பொறியும் 400 வாட் ஹீட்டரும் அறையைச் சூடாக்குவதில் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல.

மாட்டுப்பட்டியில் மார்கழி, தை மாதங்களில் புல்மேல் உறைபனி படியும் இரவுகளில் இந்தச் சூடு இதமாகக்கூட இருக்கலாம். துபாயிலோ சென்னையிலோ அப்படியன்று. அந்தச் சூட்டை ஏ.சி. மறுபடி வெளியே தள்ளியாக வேண்டும். அதற்கென்று இன்னும் நூறு வாட்டுக்கு மேல் செலவாகும். ஒரே விளையாட்டுக்கு இரண்டு முறை கட்டணம்!

இந்தச் சூடு எங்கே பிறக்கிறது? பெரும்பகுதி இரண்டே இடங்களில். ஒன்று, பிராசஸர் என்னும் மூளை. 65 வாட் வகை என்று எழுதியிருக்கும் பிராசஸரும் முழு வேலையில் 90 வாட் வரை எடுக்கக்கூடும். மற்றது, படம் வரையும் கிராபிக்ஸ் கார்டு. என்விடியா கம்பெனியின் ஆர்.டி.எக்ஸ். 4060 என்ற கார்டுக்கு 115 வாட். 4070-க்கு 200 வாட். 4090-க்கு 450 வாட். 2025-ல் வந்த 5090-க்கு 575 வாட். பெயரில் எண் கொஞ்சம் மாறுகிறது. சூடு ஐந்து மடங்காகிறது. கடைக்காரர் எண்ணைச் சொல்வார். நாம் கேட்கவேண்டியது வாட்.

சிறுமையின் விலை

பெட்டி எப்படிச் சின்னதானது? 2001-ஆம் ஆண்டு தைவானைச் சேர்ந்த வியா கம்பெனி, பக்கத்துக்கு 170 மில்லிமீட்டர் கொண்ட சதுர மதர்போர்டை அறிமுகப்படுத்தியது. ‘மினி ஐ.டி.எக்ஸ்.’ என்பது அதன் பெயர். குறைந்த மின்சாரத்தில் ஓடும் சாதாரணக் கணிப்பொறிகளுக்காக வந்த அந்தச் சதுரத்தின்மேல்தான் இன்று பலம் வாய்ந்த விளையாட்டுக் கணிப்பொறிகளையும் கட்டுகிறார்கள். அதற்கேற்ப மின்சாரம் மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியும் சுருங்கியது. வழக்கமான எஸ்.எம்.பி.எஸ். 150 மில்லிமீட்டர் அகலமும் 86 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. ‘எஸ்.எஃப்.எக்ஸ்.’ எனப்படும் சிறிய வகை 125 மில்லிமீட்டர் அகலம், 63.5 மில்லிமீட்டர் உயரம், 100 மில்லிமீட்டர் ஆழம்தான். பருமனில் பாதிகூட இல்லை.

எல்லாம் சுருங்கியது, சூடு மட்டும் சுருங்கவில்லை. பெரிய வீட்டில் அடுப்பு எரிந்தால் கூடத்துக்குத் தெரியாது. ஒற்றை அறையில் அதே அடுப்பு எரிந்தால் கண் கரிக்கும். புகைபோக்கி வைத்தவன் பிழைத்தான். சின்னப் பெட்டியின் ரகசியம் முழுவதும் அந்தப் புகைபோக்கியில்தான் இருக்கிறது.

மலைக்காற்று: குளிர்ச்சி உண்டு, கனம் இல்லை

“நம் ஊரே ஃபிரிட்ஜ் மாதிரி இருக்கிறது. அங்கே கணிப்பொறிக்கு என்ன சூடு?” என்று மலையைத் தெரிந்தவர்கள் கேட்கக்கூடும். பாதி சரி.

சூட்டை வெளியேற்றுவது காற்று. எவ்வளவு காற்று போகிறது என்பதோடு, அந்தக் காற்று எவ்வளவு கனமானது என்பதும் முக்கியம். உயரம் போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. மாட்டுப்பட்டியின் உயரத்தில் அது கடற்கரையைவிட ஏறத்தாழ 18 சதவீதம் குறைவு. மின்விசிறி அதே வேகத்தில் சுழலும். அதே லிட்டர் காற்றைத்தான் தள்ளும். ஆனால் அந்த லிட்டருக்குள் காற்று குறைவு.

கணக்காகச் சொன்னால் இப்படி: 500 வாட் சூட்டை, காற்றின் வெப்பம் 10 டிகிரிக்கு மேல் ஏறாதபடி வெளியேற்ற, 30 டிகிரி வெயிலில் இருக்கும் சென்னையில் விநாடிக்குச் சுமார் 43 லிட்டர் காற்று வேண்டும். 20 டிகிரியில் இருக்கும் மாட்டுப்பட்டியில் அதே வேலைக்குச் சுமார் 51 லிட்டர் வேண்டும். மலையில் அதே குளிர்ச்சிக்கு மின்விசிறி இன்னும் வேகமாக ஓடியாக வேண்டும், சத்தமும் அதிகமாகும்.

இருந்தாலும் உள்ளே நுழையும் காற்றே 10 டிகிரி குறைந்த சூட்டில் வருவதால், கூட்டிக் கழித்துப் பார்த்தால் இலாபம் மலைக்குத்தான். ஆனால் குளிரை அளந்து எதிர்பார்க்கிற அளவுக்கு அந்த இலாபம் பெரியதன்று. மலையில் இருக்கிறோம் என்ற தைரியத்தில் மின்விசிறியைக் குறைத்துவிடக்கூடாது.

மலையின் உண்மையான எதிரி ஈரம். ஆனி, ஆடியில் துவைத்த துணி நாள்கணக்கில் காயாத ஊர் அது. கணிப்பொறி ஓடிக்கொண்டிருக்கும்போது உள்ளே சூடாக இருப்பதால் ஈரம் அண்டாது. அணைத்து நாள்கணக்கில் மூலையில் வைத்தால்தான் ஆபத்து. இணைப்பு ஊசிகளில் பாசம் பிடிக்கும். சேர்ந்த தூசி ஈரத்தைக் குடித்து மின்சாரத்துக்குக் குறுக்குவழி போட்டுவிடும். மழைக்காலத்தில் தினமும் அரைமணி நேரமாவது அதை ஓடவிடுவது நல்ல வழக்கம். குளிரில் வெளியே இருந்த பெட்டியை வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவந்தவுடன் சுவிட்சைப் போடக்கூடாது. குளிர்ந்த சொம்பின்மேல் வேர்ப்பதுபோல அதன் உள்ளேயும் வேர்த்திருக்கும். இரண்டு மூன்று மணி நேரம் பொறுத்துப் போடவேண்டும்.

தேயிலை ஃபேக்டரி கற்றுத் தருவது

தேயிலை ஃபேக்டரிக்குள் நுழைந்து பார்த்தவர்களுக்கு இலை வாட்டும் நீண்ட தொட்டிகள் நினைவிருக்கும். கம்பி வலையின்மேல் பச்சை இலையைப் பரப்பி, ஒரு முனையில் பெரிய மின்விசிறி வைத்து, அடியிலிருந்து காற்றை மேலே ஏற்றுவார்கள். இலையை ஒரே சீராகப் பரப்பவேண்டும் என்பதில் அங்கே கண்டிப்பு அதிகம். ஓரிடத்தில் இலை மெலிந்து இடைவெளி விழுந்தால், காற்று முழுவதும் அந்த வழியாகத் தப்பிவிடும். மற்ற இடத்து இலை வாடாது. காற்று எப்போதும் சுலபமான வழியைத்தான் தேடும்.

சின்னப் பெட்டிக்குள் நடப்பதும் இதுவே. எத்தனை மின்விசிறி என்று எண்ணுவதைவிட, காற்று எந்த வழியாக வந்து எதன்மேல் பட்டு எப்படிப் போகிறது என்று பார்க்கவேண்டும். கவனிக்கவேண்டியவை இவை:

1. நல்ல சிறிய பெட்டிகள் பலவற்றில் மதர்போர்டும் கிராபிக்ஸ் கார்டும் முதுகோடு முதுகாக, நடுவே ஒரு தகட்டுடன் நிற்கும். இரண்டும் தத்தம் பக்கத்துச் சல்லடை வழியாக வெளிக்காற்றை நேரே உறிஞ்சிக்கொள்ளும். ஒன்றின் சூட்டை மற்றது குடிக்காது. வாங்கும்போது இந்த அமைப்பைக் கேட்டு வாங்கலாம்.

2. பெட்டியின் இரு பக்கமும் குறைந்தது ஒரு சாண் இடைவெளி விடவேண்டும். சுவரோடு ஒட்டி வைப்பதும், பீரோவுக்குள் வைப்பதும், தூசி படாமல் இருக்கட்டும் என்று ஓடும்போதே துணி போர்த்துவதும் புகைபோக்கியை அடைப்பதற்குச் சமம்.

3. பிராசஸரின் தலைமேல் உட்காரும் ஹீட்சிங்க் எவ்வளவு உயரம் இருக்கலாம் என்பதைப் பெட்டியின் குறிப்பில் மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். 37 மில்லிமீட்டர் உயரமே உள்ள குட்டை வகை 65 வாட் பிராசஸருக்குப் போதும். அதற்குமேல் போனால் மூச்சு வாங்கும்.

4. தண்ணீர்க் குழாய் வைத்துக் குளிர்விக்கும் முறையும் உண்டு. அது சூட்டை அழித்துவிடுவதில்லை. மூளையிலிருந்து எடுத்துப் பெட்டியின் ஓரத்திலுள்ள ரேடியேட்டருக்குக் கொண்டுபோகிறது, அவ்வளவே. அதைப் பொருத்தும்போது குழாய்ச் சுற்றின் மிக உயரமான இடத்தில் பம்ப் இருக்கக்கூடாது. உள்ளே இருக்கும் கொஞ்சக் காற்று மேலேறிப் பம்பில் சிக்கினால் சத்தமிடும், சீக்கிரம் கெடும்.

5. மாதம் ஒருமுறை சல்லடைத் தூசியைத் தட்டவேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஹீட்சிங்கைக் கழற்றி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாகத் தடவவேண்டும்.

எவ்வளவு சூடு தாங்கும் என்பதும் தெரிந்திருக்கவேண்டும். ஏ.எம்.டி.யின் ரைசன் 5 7600 பிராசஸருக்கு எல்லை 95 டிகிரி. ரைசன் 7 7800 எக்ஸ்3டி-க்கு 89 டிகிரி. எல்லையைத் தொட்டவுடன் அது எரிந்துவிடாது. தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பிள்ளை “கேம் இழுக்கிறது” என்று சொல்வதன் காரணம் பல வேளைகளில் இதுதான். புதிய கார்டு கேட்பதற்கு முன்னால் சல்லடையைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

எஸ்.எம்.பி.எஸ். – சிக்கனம் கூடாத இடம்

சுவரில் வரும் 230 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றித் தருவது எஸ்.எம்.பி.எஸ். பளபளப்பான விளக்குகளுக்குக் காசு கொடுத்துவிட்டு இதில் மிச்சம் பிடிப்பவர்கள் பலர்.

பிராசஸருக்கு 90, கார்டுக்கு 200, மற்றவைக்கு 50 என்று வைத்தால் 340 வாட். அதற்கு 350 வாட் எஸ்.எம்.பி.எஸ். போதுமா? போதாது. கிராபிக்ஸ் கார்டு கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைந்த நொடித்துளியில் தன் அளவைப்போல் இரண்டு மடங்குவரை மின்சாரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. அதைத் தாங்காத எஸ்.எம்.பி.எஸ். விளையாட்டின் நடுவில் பட்டென்று அணைந்துவிடும். 2022-ல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 என்ற தரம் இந்தத் துள்ளலைத் தாங்கவேண்டும் என்று விதித்தது. அந்தத் தரமுள்ள 550 அல்லது 650 வாட் வகை நம் கணக்குக்குப் பொருந்தும். ‘80 பிளஸ் கோல்டு’ முத்திரை இருந்தால் சுவரிலிருந்து எடுப்பதில் சுமார் 90 சதவீதத்தைப் பயனாகக் கொடுக்கும். மிச்சம் பத்து சதவீதம் அங்கேயே சூடாகும். சின்னப் பெட்டியில் அந்தச் சூடும் ஒரு சூடுதான்.

இன்னொரு செய்தியை வீட்டுப் பெரியவர்கள் அவசியம் தெரிந்துகொள்ளவேண்டும். நம் இஸ்திரிப்பெட்டி 1000 வாட் எடுத்தாலும் 230 வோல்ட்டில் ஓடுவதால் அதன் வயரில் நாலரை ஆம்பியர்கூட ஓடுவதில்லை. பெரிய கிராபிக்ஸ் கார்டுக்கு 12 வோல்ட்டில் 600 வாட் கொடுக்கவேண்டுமானால் 50 ஆம்பியர் ஓடவேண்டும்! அதுவும் தீக்குச்சி அகல ஊசிகள் வழியாக. 2022-ல் 4090 கார்டு வந்தபோது இந்த இணைப்பு சரியாக உட்காராமல் சில இடங்களில் உருகிப்போன செய்தி உலகம் முழுவதும் பேசப்பட்டது. 2023-ல் அந்த இணைப்பின் வடிவம் திருத்தப்பட்டது. இடமில்லாத பெட்டியில் வயரை மடக்கித் திணிக்கும்போது இந்த ஆபத்து கூடுகிறது. இணைப்பை இறுதிவரை அழுத்திப் பொருத்தவேண்டும். அதை ஒட்டியே வயரை ஒடிக்கக்கூடாது. ஒரு கம்பெனி எஸ்.எம்.பி.எஸ்.-ன் வயரை இன்னொரு கம்பெனியின் பெட்டியில் செருகவே கூடாது. முனை பொருந்தும், உள்ளே வரிசை வேறாக இருந்தால் எல்லாம் கருகும்.

எர்த், மின்னல், யு.பி.எஸ்.

பழைய லயங்களிலும் வாடகை வீடுகளிலும் மூன்று ஓட்டைப் பிளக் இருக்கும். மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. 400 வாட்டுக்கு இரண்டு ஆம்பியர்கூட வேண்டாம் என்பதால் வயரிங் தாங்கிவிடும். குறை எர்த்தில்தான். எர்த் இல்லாத இடத்தில் பெட்டியின் இரும்பைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இழுக்கும். “லேசாகத்தான் ஷாக் அடிக்கிறது” என்று அதைப் பழகிக்கொள்வது தவறு. எர்த் இல்லாவிட்டால் ஸ்பைக் கார்டும் தன் வேலையை முழுமையாகச் செய்ய முடியாது. கணிப்பொறிக்கு முன்னால் ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சரிபார்ப்பதே முதல் செலவாக இருக்கட்டும்.

கேரளத்தில் சித்திரை மழையோடும் ஐப்பசி மழையோடும் இடிமின்னல் அதிகம். மின்னலுக்கு சுவிட்சை அணைப்பது காவலாகாது. பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கவேண்டும். இன்டர்நெட் வயரையும் கழற்றவேண்டும். மின்கம்பி வழியாக வராத மின்னல் அந்த வயர் வழியாக வந்து மதர்போர்டைச் சாகடிப்பதுண்டு.

யு.பி.எஸ். வாங்கும்போது ‘வி.ஏ.’ என்ற எண்ணைப் பார்த்து ஏமாறவேண்டாம். 600 வி.ஏ. என்று எழுதியிருக்கும் சாதாரண யு.பி.எஸ். பெரும்பாலும் 360 வாட்தான் கொடுக்கும். நம் 400 வாட் பெட்டி விளையாட்டின் நடுவில் மின்சாரம் போனால் அது கத்திவிட்டு அணைந்துபோகும். 600 வாட் தரக்கூடிய 1000 வி.ஏ. வகை வேண்டும். அதுவும் தொடர்ந்து விளையாட அல்ல. நடந்ததைச் சேமித்துவிட்டு ஐந்து நிமிடத்தில் முறையாக அணைப்பதற்கு. வோல்டேஜ் ஏறி இறங்குவதைப் பற்றி அவ்வளவு பயம் தேவையில்லை. இன்றைய எஸ்.எம்.பி.எஸ்.களில் பெரும்பாலானவை 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். ஒட்டியிருக்கும் சீட்டில் அப்படி எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

குறைத்துக் கொடுத்தால் நிறைவாக ஓடும்

இனிச் செலவே இல்லாத ஒரு வைத்தியம். சில்லுக்குக் கொடுக்கும் வோல்டேஜைக் குறைத்தால், அது எடுக்கும் மின்சாரம் அதன் இருமடிப் பெருக்கத்தில் குறைகிறது. வோல்டேஜில் பத்து சதவீதம் குறைத்தால் மின்சாரம் ஏறக்குறைய 19 சதவீதம் குறைகிறது. கம்பெனிகள் எல்லாச் சில்லும் தடையின்றி ஓடட்டும் என்று கொஞ்சம் தாராளமாகவே வோல்டேஜ் வைத்து அனுப்புகின்றன. கிராபிக்ஸ் கார்டின் மின்அளவை 100-லிருந்து 80 சதவீதமாகக் குறைக்க ஒரே ஓர் அமைப்பை மாற்றினால் போதும். வேகத்தில் குறைவது பல விளையாட்டுகளில் கண்ணுக்கே தெரியாத அளவுதான். சூடு குறைகிறது, சத்தம் குறைகிறது, பில் குறைகிறது. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்றார்கள் பெரியோர். சில்லுக்கும் அது பொருந்தும். பிள்ளைக்கு இது விளையாட்டைவிட நல்ல பாடமாகவும் அமையும்.

மைனஸ் 196 டிகிரி

மாட்டுப்பட்டி என்றதும் நினைவுக்கு வரும் இன்னொன்று சுவிஸ் மாட்டுப்பண்ணை. 1963-ல் இந்திய–சுவிட்சர்லாந்து ஒப்பந்தத்தின்படி தொடங்கிய அந்தத் திட்டத்தில் நம் நாட்டு மாடுகளோடு சுவிஸ் நாட்டுக் காளைகளைக் கலந்து ‘சுனந்தினி’ என்ற கறவை இனத்தை உருவாக்கினார்கள். காளைகளின் விந்தைக் கெடாமல் சேமித்து ஊர் ஊராக அனுப்ப அங்கே பயன்படுவது திரவ நைட்ரஜன். அதன் குளிர்ச்சி மைனஸ் 196 டிகிரி. ஃபிளாஸ்க் போன்ற இரட்டைச் சுவர்க் கலத்தில்தான் அது நிற்கும்.

கணிப்பொறி வேகப் போட்டிகளிலும் இதே திரவத்தைத்தான் பிராசஸரின் தலைமேல் ஊற்றுகிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் ஆசைப்படக்கூடும். அது சில நிமிடச் சாகசம். ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாகப் பரவி, மூடிய அறையில் மூச்சுக் காற்றையே விரட்டிவிடும்; தோலில் பட்டால் தீக்காயம்போலப் புண்ணாகும். பண்ணையில் பயிற்சி பெற்றவர்கள் கையுறையோடு கையாளும் பொருள் அது. வீட்டுக்குக் காற்றே போதும்.

ஊருக்குக் கொண்டுபோகும்போது

விடுமுறைக்கு வரும்போது வெளிநாட்டிலிருந்து பெட்டியை வாங்கி வருகிறவர்கள் கவனத்துக்கு: கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியே துணியில் சுற்றிக் கைப்பையில் வையுங்கள். ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும் கார்டு, சூட்கேஸ் எறியப்படும் வேகத்தில் மதர்போர்டையே பிய்த்துவிடும். வளைகுடா நாட்டுப் பட்டைமுனைப் பிளக் நம் சுவருக்குப் பொருந்தாது. அடாப்டர் வைத்து ஒட்டுப்போடாமல், எர்த் முனையுள்ள இந்திய வயர் ஒன்றைப் புதிதாக வாங்குங்கள். வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்பதையும் பணம் கொடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை பட்டியலோடு வந்தால் உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே சம்மதிக்கவும் வேண்டாம். ஒரு தாளைக் கொடுத்து, ஒவ்வொரு பாகமும் எத்தனை வாட், கூட்டினால் எவ்வளவு, எஸ்.எம்.பி.எஸ். எவ்வளவு, காற்று எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் போகிறது, மாதம் எத்தனை யூனிட் என்று எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரிந்த பிள்ளைக்கு அந்தப் பெட்டியைப் பராமரிக்கவும் தெரியும். எழுதத் தெரியாவிட்டால், கூட உட்கார்ந்து நாமும் கற்றுக்கொள்வோம். அந்தத் தாளில் எர்த் சரிபார்க்கும் செலவை முதல் வரியில் போடுங்கள். விளக்குகள் மின்னும் மின்விசிறியைக் கடைசி வரியில் போடுங்கள். பணம் மிஞ்சினால் பார்க்கலாம்.